பீரோ, டிவி சாயாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

மதுரை அம்மா:
போன மாதம் அக்கா வீட்டில் நடந்தது. இரண்டு வயது வாண்டு, ஸ்டீல் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, கீழ்த்தட்டில் கால் வைத்து மேலே ஏறப் பார்த்திருக்கிறான். பீரோ அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, எதிரே கட்டில் நெருக்கமாகக் கிடந்ததால் அதன் விளிம்பில் முட்டி நின்றது. பையன் இடுக்கில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தான். நெற்றி வீக்கத்தோடு போயிற்று. வீடு கழுவினால் துருப்பிடிக்கும் என்று பீரோ கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மேலே சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டி வேறு. இவ்வளவு கனமான சாமான் எங்கே அசையப்போகிறது என்றுதான் நினைப்போம். கதவைத் திறந்ததுமே பாரம் முன்பக்கம் வந்துவிடுகிறது. அதில் பிள்ளையும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். இதில் சாவியைக் கதவிலேயே தொங்கவிடும் பழக்கம் எந்த வீட்டில்தான் இல்லை?

கோவை அப்பா:
எங்கள் வீட்டில் டிவி. பழைய டப்பா டிவிக்கு முன்பக்கக் கண்ணாடியில்தான் கனம், சாய்ந்தால் குப்புறத்தான் விழும். இப்போது வருவது லேசு, ஆனால் நிற்பது இரண்டு ஒல்லிக் காலில். மகள் இழுத்தது டிவியைக்கூட இல்லை, அதற்கு அடியில் பாட்டி ஆசையாக விரித்திருந்த பூப்போட்ட துணியை. முதலில் செட்டாப் பாக்ஸ் விழுந்தது. டிவி விழுவதற்குள் மனைவி ஓடிவந்து பிடித்துவிட்டாள்.

இப்போது டிவி சுவரில். அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுக் கட்டடங்களில் பல சுவர்கள் ஏஏசி கல், அதாவது உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமென்ட் கல். சாதாரண பிளக் போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் மாவாக உதிரும். அந்தக் கல்லுக்கென்றே நீளமான நைலான் பிளக் இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்குங்கள். ட்ரில்லை ஹேமர் மோடில் போடாதீர்கள், சும்மா சுழலவிட்டாலே இறங்கும்.

நியூஜெர்சி தம்பி:
இங்கே அமெரிக்காவில் அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 2016-இல் ஐகியா என்ற மரச்சாமான் நிறுவனம், மால்ம் வகை உட்பட சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 கடைசியில், அலமாரிகள் சாயாமல் இருக்க ஸ்டர்டி என்ற சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் தயாராகும் துணி அலமாரிகளை, டிராயர்களில் பாரம் ஏற்றித் திறந்துவைத்தும், சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினால் எப்படி இருக்குமோ அப்படியும் சோதித்தாக வேண்டும். பழைய அலமாரியை யாரிடமாவது வாங்கினால் இதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. நாங்கள் சுவருக்குள் மரச்சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதில் ஸ்க்ரூ இறக்கினோம். வெறும் ஜிப்சம் பலகையில் போட்டால் பிடுங்கிக்கொண்டு வரும்.

சென்னை வாடகைக்காரி:
எல்லாம் சரி, எங்கள் ஹவுஸ் ஓனர் காலண்டருக்கு ஆணி அடித்தாலே சண்டைக்கு வருவார். என்ன செய்வது?

மதுரை அம்மா:
அக்காவும் வாடகை வீடுதான்மா. காலி செய்யும்போது ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்ததும் சம்மதித்துவிட்டார். பீரோவின் பின்பக்கம் மேல் மூலைகளில் துளை போட்டு, எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு முடுக்கியாயிற்று. கட்டையை எடுத்துவிட்டார்கள், வெண்கலப் பாத்திரமெல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது. அனுமதி கிடைக்கிறவரை பீரோவைப் பூட்டிச் சாவியை எட்டாத இடத்தில் வையுங்கள், டிவி மேசை மேல் ரிமோட்டையும் பொம்மையையும் வைக்காதீர்கள். அதை எடுக்கத்தானே ஏறுகிறார்கள்.