மெஸ்ஸோடின்ட்: ‘கருந்தள அச்சு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மெஸ்ஸோடின்ட் (mezzotint) என்பது உலோகத் தகட்டைக் கொத்தியும் சுரண்டியும் இருளும் ஒளியுமாகப் படம் அச்சிடும் முறை. அதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் பரிந்துரையாக வந்திருக்கின்றன: அரைநிற அச்சு, செதுக்கோவியம், சுரண்டல் அச்சு. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் நாட்டுப்புறக் காட்சிகளை அச்சுக் கலைஞர் டேவிட் லூக்காஸ் இம்முறையில் அச்சுப்படங்களாக்கியது பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்து வருகிறேன். அந்த வேலை நடந்த விதத்தைச் சொன்னால் என் தயக்கம் விளங்கும்.

கான்ஸ்டபிள் 1830 முதல் 1832 வரை 22 படங்களைச் சொந்தச் செலவில் பகுதி பகுதியாக வெளியிட்டார். லூக்காஸ் பயன்படுத்தியது எஃகுத் தகடு. அடிப்பாகம் வளைந்து, பல் வைத்த ஓர் உளியைத் தகட்டின்மேல் ஆட்டி ஆட்டி, எல்லாத் திசைகளிலும் நெருக்கமாகக் கொத்த வேண்டும். வழவழப்பாகிவிட்ட அம்மியைக் கொத்திக் கொடுப்பார்களே, ஏறக்குறைய அதே வேலை. கொத்திய இடமெல்லாம் பிசிர் எழும்பி மையைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் அச்சிட்டால் தாள் முழுவதும் வெல்வெட் போன்ற கருமைதான் வரும். அதன் பிறகே படம் தொடங்குகிறது. பிசிரைச் சுரண்டிய அளவுக்கு அந்த இடம் வெளுக்கும். நன்றாகத் தேய்த்து மெருகிட்டால் வெள்ளையாகவே நிற்கும்.

‘வசந்தம்’ என்ற படத்தைப் பாருங்கள். கான்ஸ்டபிளின் சொந்த ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டின் பொதுவெளியில் ஏர் உழுகிறார்கள். பின்னால் ஒரு காற்றாலை. அது கான்ஸ்டபிளின் தந்தையுடைய ஆலை, இளம் வயதில் அவரே அங்கே வேலை பார்த்திருக்கிறார். வானத்தில் மேகங்கள் விரைகின்றன, வயலில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. அந்த வெயில் முழுவதும் இருட்டிலிருந்து சுரண்டி எடுத்தது! இதை ‘நகல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சிறிய எண்ணெய் வண்ண வரைவு ஒன்றை வண்ணமே இல்லாமல் ஒளியாலும் இருளாலும் மட்டும் மறுபடி சொல்வதை நகல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி சொற்களுக்கு வருகிறேன். ‘அரைநிறம்’ இத்தாலிய மூலத்தின் நேர்பெயர்ப்பு. செய்தித்தாள் படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஹாஃப்டோன் முறையோடு இது குழம்பிவிடும். செதுக்கோவியம் என்றால் கோடு வெட்டுவது. இங்கே கோடே இல்லை. ‘சுரண்டல்’ செயலைச் சரியாகத்தான் சொல்கிறது, ஜெர்மானியரின் ‘ஷாப்குன்ஸ்ட்’ என்ற பெயரும் சுரண்டும் கலை என்ற பொருளுடையதே. ஆனால் இன்றைய தமிழில் சுரண்டல் என்றதும் உழைப்புச் சுரண்டல்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர்கள் ‘மன்யேர் நுவார்’, அதாவது கரிய முறை என்கிறார்கள். எனக்கு இதுவே வழிகாட்டுகிறது.

எனவே ‘கருந்தள அச்சு’ என்பது என் பரிந்துரை. கருந்துளை பழகிவிட்ட காதுக்கு இது உறுத்தாது. துணைச் சொற்களும் எளிதில் கிளைக்கின்றன. ஆட்டும் கருவி கொத்துளி, சுரண்டும் கருவி சுரண்டி, இது ஏற்கெனவே உள்ள சொல், தேய்ப்பது மெருகுகோல். கான்ஸ்டபிள் சோதனைப் படிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி அனுப்பியவர். இன்னும் வெளிச்சம் வேண்டும் என்றால் லூக்காஸ் மேலும் சுரண்டினால் போதும். இருள் வேண்டும் என்றாலோ அந்த இடத்தை மறுபடி கொத்தியாக வேண்டும். அதற்கு ‘மறுகொத்து’ என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “மேகத்தின் அடிப்பகுதி வெளிறிப்போனதால் லூக்காஸ் அங்கே மறுகொத்து இட்டு, கருந்தளத்தை மீட்டார்.” எனக்குத் தடையின்றி வாசிக்க முடிகிறது.

கொத்துளி பற்றி மட்டும் கல்தச்சர் வழக்கு அறிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்களிடம் அந்தப் பெயரில் வேறு கருவி இருந்தால் மாற்றிவிடுவோம்.