இரண்டு மாத்திரை, இரண்டு வேலை

நான் ஸ்டாஃப் நர்ஸ். 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது கோவிட் வார்டில் நைட் டியூட்டி பார்த்தேன். அங்கே பார்த்ததை எல்லாம் எழுதப் போவதில்லை. மானிட்டர் அலாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என்னோடு வீடு வரைக்கும் வந்தது. வார்டு மூடி ஒரு வருடம் ஆன பிறகும், வாஷிங் மெஷின் ஓடி முடித்து பீப் அடித்தால் கை சில்லிட்டுப்போகும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, தூங்குகிற கணவர் விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன். 98 காட்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி மாட்டுவேன்.

அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். குலதெய்வம் கோயிலுக்கும் போய் வந்தோம். நாள் முழுக்க மற்றவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள்தான் நான், ஆனால் எனக்கென்று வரும்போது கூசியது. கடைசியில் ஒருநாள் கணவர்தான் வாயைத் திறந்தார். "நான் தூங்குறேன்னு நினைக்கிறியா? நீ அந்த கிளிப்பை மாட்டும்போதெல்லாம் முழிச்சுக்கிட்டுதான் படுத்திருக்கேன்."

2023 ஜனவரியில் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். எங்கள் ஊர் என்றால் ஓ.பி. வரிசையில் யாராவது "என்ன சிஸ்டர், இங்கே?" என்பார்கள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு மாத்திரை எழுதினார். காலையில் படபடப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் 25 மி.கி., ஒரு வாரம் கழித்து 50. இரவில் பதற்றம் தணிந்து தூக்கம் வர குளோனசெபம் 0.25 மி.கி., அது இரண்டு வாரத்துக்கு மட்டும்.

முதல் ராத்திரியே ஆறு மணி நேரம் தூங்கினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! ஆனால் பகல் நரகம். குமட்டல், வயிற்றுப்போக்கு, ஓயாத கொட்டாவி, தாடை இறுக்கம். படபடப்பு குறையாமல் இன்னும் கூடியது. பத்தாவது நாள் நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: காலை மாத்திரைதான் படுத்துகிறது, அதை விட்டுவிட்டு ராத்திரி மாத்திரையை மட்டும் தொடர்ந்தால் போதும். படித்த நர்ஸ் எடுத்த முடிவு இது!

டாக்டரம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். "நீ தலைகீழாப் பிடிச்சிருக்கே. ராத்திரி மாத்திரை இன்னைக்கே வேலை செய்யும், அதனாலதான் அதைச் சீக்கிரம் நிறுத்தணும். உடம்பு அதுக்குப் பழகிட்டா அது இல்லாமத் தூக்கம் வராது. காலை மாத்திரைக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதை நீயா நிறுத்தவே கூடாது." காலையில் சாப்பிட்ட பிறகு போட்டதில் குமட்டல் குறைந்தது. மூன்றாவது வாரம் வயிறும் சரியாகிவிட்டது.

எப்போது குணம் தெரிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சந்தோஷம் எல்லாம் பொங்கவில்லை. ஐந்தாவது வாரம் இருக்கும். மெஷின் பீப் அடித்தது, போய்த் துணியை எடுத்து மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் கொடி நிறைந்த பிறகுதான் உறைத்தது, கை சில்லிடவே இல்லை.

ராத்திரி வரும் கெட்ட கனவுகள் மட்டும் மாத்திரைக்கு முழுசாக மசியவில்லை. அதற்கு உளவியல் ஆலோசகரிடம் தனியாகப் போக வேண்டியிருந்தது. அது பெரிய கதை. இதைப் படித்துவிட்டு மூன்று பேர் எழுதியது கீழே இருக்கிறது.

*

சிஸ்டர், நீங்கள் விட நினைத்ததை நான் விட்டே பார்த்தவன். பைக் விபத்து, பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் போய்விட்டான். எனக்குக் கொடுத்தது பராக்ஸெடின், உங்கள் காலை மாத்திரை வகைதான். மூன்று மாதத்தில் நன்றாகிவிட்டேன், "இனி எதுக்கு" என்று ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. வியர்வை, தலைசுற்றல், காரணமில்லாத அழுகை. பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று ஸ்கேன் வரை போய் வந்தோம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், இந்த மாத்திரையில் கொஞ்சம் அதிகமாகவே ஆகும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இரண்டாம் முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த நான்கு மாதம் பிடித்தது.

இன்னொன்று. உங்கள் ராத்திரி மாத்திரை மாதிரித் தூக்க மாத்திரை ஓடும் நாட்களில் "ஒரே ஒரு பீர்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். இரண்டும் சேர்ந்து மூச்சையே அமுக்கிவிடும்.

*

நாங்கள் நாகை மாவட்டத்துக் கடலோரம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 11 வயது. இப்போதும் புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் முழுக்க தண்ணீர் கனவுதான். அந்தக் கனவுக்கு டாக்டர் பிரசோசின் எழுதினார். மருந்துக் கடையில் "இந்த வயசுல பி.பி.யா தம்பி?" என்று கேட்டார்கள். உண்மையில் அது ரத்த அழுத்த மாத்திரைதான், கெட்ட கனவுக்கும் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் கேட்காதாம், எனக்குக் கேட்டது. ஆனால் முதல் நாள் போட்டுவிட்டு நடு ராத்திரி பாத்ரூம் போக விருட்டென்று எழுந்தேன், கண் இருட்டி கதவில் போய் மோதினேன். படுக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. நெற்றியில் தழும்பு இருக்கிறது.

*

நான் மருந்து சாப்பிடுகிறவள் இல்லை, 19 வயதுத் தம்பிக்கு அக்கா. அவனுக்கு மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்த அன்றே டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: 25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்கு முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடலாம், கண் வைத்திருங்கள், மாத்திரை அட்டையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் அவன் ராத்திரியெல்லாம் உட்காராமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். "என்னடா பண்ணுது?" என்றேன். "செத்துடலாம் போல இருக்கு அக்கா" என்றான். உடனே 14416க்கு அடித்தேன், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் அது, தமிழிலேயே பேசினார்கள். அவன் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, விடிந்ததும் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். டாக்டர் மருந்தை மாற்றினார். முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இருந்திருந்தால் "வெயில் சூடு, மோர் குடி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

*

மறுபடி நர்ஸ்தான் எழுதுகிறேன். தம்பியை அன்றைக்கு நேராகவே கேட்டீர்கள் பாருங்கள், நிறைய பேர் அதைத்தான் கேட்பதில்லை. அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள்.

பலர் கேட்டதற்கு: இப்போதும் செர்ட்ராலின் 50 போடுகிறேன். இன்னும் ஆறு மாதம் போகட்டும், பிறகு குறைக்கலாம் என்றிருக்கிறார் டாக்டரம்மா. ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடக்கிறது. போன வாரம் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்துப் பார்த்தேன், பேட்டரி கசிந்து துருப்பிடித்திருந்தது.