பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்சின் செட்டிங்ஸ் பக்கம் எந்த பிரவுசரிலும் திறக்கவில்லை, அவசரம்

புதுநிர்வாகி
ஸ்விட்ச்சின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் பார்த்துவிட்டேன். இதற்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் தன் லேப்டாப்பில் திறப்பாராம், இப்போது அவரும் இல்லை, அந்த லேப்டாப்பும் இல்லை. இரண்டு போர்ட்டை வேறு விலானுக்கு (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாற்ற வேண்டும், இன்றைக்கே. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சால்டரிங்
திறக்கவில்லை என்றால் எப்படித் திறக்கவில்லை? வெள்ளைப் பக்கமா, சுற்றிக்கொண்டே இருக்கிறதா, பிழைச் செய்தி வருகிறதா? செய்தி என்றால் ஒரு எழுத்து விடாமல் இங்கே போடுங்கள். ஸ்விட்ச் எந்தக் காலத்தது? முகவரி எச்டிடிபியா, எச்டிடிபிஎஸ்ஸா?

கேபிள்தான்
முதலில் கேபிளைப் பாருங்கள். பிங் போகிறதா, அதாவது ஸ்விட்ச் பதில் தருகிறதா? உங்கள் கணினியும் ஸ்விட்ச்சும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரிக் குழுவில்) இருக்கின்றனவா? பாதி பேர் இதைப் பார்க்காமல்தான் இங்கே வருகிறார்கள்.

நைட்ஷிஃப்ட்
குரோமில் எச்சரிக்கைப் பக்கம் வந்தால் அதன் மேல் சும்மா ஒரு கிளிக் செய்துவிட்டு "திஸ்இஸ்அன்சேஃப்" என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் டைப் செய்யுங்கள். பெட்டி எதுவும் தெரியாது, ஆனால் உள்ளே விட்டுவிடும். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

புதுநிர்வாகி
பிங் போகிறது. நைட்ஷிஃப்ட் சொன்னதைச் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ பாதுகாப்பு இணைப்பு என்று வருகிறது.

ரூட்கணக்கு
"ஏதோ" என்று ஒரு பிழைச் செய்தி கிடையாது தம்பி. இந்தக் கேள்விக்கு நானே எத்தனையோ தடவை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு முறை. நைட்ஷிஃப்ட் சொல்லும் வித்தை, தளம் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழ் சரியில்லாதபோது மட்டும்தான் வேலை செய்யும். உங்களுக்கு அநேகமாகச் சான்றிதழ் வரைக்கும் பேச்சு போகவே இல்லை. எச்டிடிபிஎஸ் இணைப்பைக் குறியாக்கம் செய்வது டிஎல்எஸ்; ஸ்விட்ச்சுக்கு அதில் 1.0 தான் தெரியும், அது 1999இல் வந்தது. குரோம் 84, ஃபயர்ஃபாக்ஸ் 78 இரண்டும் 2020இல் 1.0, 1.1 இரண்டையும் நிறுத்திவிட்டன. கையைக் குலுக்குவதற்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது, அதில் "பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொத்தானுக்கு எங்கே இடம்? யூகமாக எழுதிக்கொண்டிருக்காமல் நெட்வொர்க்கை ஆராயும் என்மேப்பை எடுத்து, எஸ்எஸ்எல் ஈனம் சைஃபர்ஸ் என்ற ஸ்கிரிப்டை 443ஆம் போர்ட்டின் மேல் ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்.

ஆப்லெட்
எனக்கென்னவோ ஜாவா பிரச்சினை என்றுதான் தோன்றுகிறது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பாதி ஆப்லெட்டில்தான் (பிரவுசருக்குள் ஓடும் ஜாவா நிரல்) ஓடும். குரோம் 45லும் ஃபயர்ஃபாக்ஸ் 52லும் ப்ளக்இன் வசதியையே எடுத்துவிட்டார்கள், ஜாவா 11இல் அந்த ப்ளக்இன்னே கிடையாது. ஜாவா 8உம் பழைய ஃபயர்ஃபாக்ஸும் போட்டு ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் கவலை இல்லை.

சால்டரிங்
ஆப்லெட் என்றால் லாகின் பக்கமாவது வந்திருக்குமே? அதன் பிறகுதானே நடுவில் சாம்பல் நிறக் கட்டம் தெரியும். இங்கே முதல் பக்கமே வரவில்லை.

புதுநிர்வாகி
என்மேப் ஓட்டினேன். டிஎல்எஸ் 1.0 என்று ஒரே ஒரு பகுதிதான் வருகிறது, அதற்குக் கீழே ஆர்சி4, 3டெஸ், ஏஇஎஸ் 128 சிபிசி என்று குறியாக்க முறைகள். ஃபயர்ஃபாக்ஸில் அடியில் சின்னதாக "அன்சப்போர்டட் வெர்ஷன்" என்று இருக்கிறது.

ரூட்கணக்கு
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். ஏஇஎஸ் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், ஆர்சி4 மட்டும் என்றால் இன்றைய பிரவுசர் எதுவும் உதவாது. ஃபயர்ஃபாக்ஸில் எபவுட் ப்ரொஃபைல்ஸ் போய்ப் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உண்டாக்குங்கள். அதற்குள் எபவுட் கான்ஃபிக், அங்கே செக்யூரிட்டி டாட் டிஎல்எஸ் டாட் வெர்ஷன் டாட் மின் என்பது 3 என்று இருக்கும், 1 ஆக்குங்கள். அன்றாடம் பயன்படுத்தும் ப்ரொஃபைலில் கை வைக்காதீர்கள், வங்கிக் கணக்கு திறக்கும் அதே பிரவுசரில் இதைச் செய்துவிட்டு மறந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நைட்ஷிஃப்ட்
இவ்வளவு சுற்றுவதற்கு எட்ஜில் ஐஇ மோட் (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போல இயங்குவது) போதுமே. 2029 வரைக்குமாவது இருக்கும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. விண்டோஸின் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் டிஎல்எஸ் 1.0க்கு டிக் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாக்கெட்
இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. ஸ்விட்ச்சுக்கு முன்னால் ஒரு இஞ்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி (இடையில் நின்று பேசும் சர்வர்) வையுங்கள், அந்தப் பக்கம் டிஎல்எஸ் 1.0, இந்தப் பக்கம் 1.3. அதன் குறியாக்க நூலகம் ஓபன்எஸ்எஸ்எல் 3 என்றால் பாதுகாப்பு மட்டமான செக்லெவலை 0 ஆக்கினால்தான் 1.0 பேசும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கேபிள்தான்
இரண்டு போர்ட்டை மாற்ற ப்ராக்ஸி சர்வரா! பிரவுசரே இல்லாமல் ஸ்விட்ச்சோடு நேராகப் பேசும் கன்சோல் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. நான் முதலிலேயே கேபிள் என்று சொன்னேன்.

பாக்கெட்
நீங்கள் சொன்னது வேறு கேபிள்.

ஆப்லெட்
உண்மையில் தப்பு பிரவுசர்காரர்கள் மேல்தான். என் சொந்த நெட்வொர்க், என் சொந்தப் பெட்டி, நடுவில் யாரும் இல்லை. ஆபத்து என்று எச்சரிக்கட்டும், திறப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

ரூட்கணக்கு
நடுவில் யாரும் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்விட்ச்சின் பாஸ்வேர்டு கிடைத்துவிட்டால் முழு நெட்வொர்க்கும் கையில். எச்சரிக்கை வைத்தால் ஜனங்கள் படிக்காமல் அழுத்துவார்கள், மேலே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு டைப் செய்யவே சொல்லித்தருகிறார். 2021இல் ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தர ஆவணம் வந்து 1.0, 1.1 இரண்டுக்கும் முறைப்படி ஓய்வு கொடுத்து அனுப்பியாகிவிட்டது. புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) தராத தயாரிப்பாளரைக் கேளுங்கள்.

ஆப்லெட்
அவர்கள் ஆதரவை நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஸ்விட்ச் நன்றாக ஓடுகிறதே. இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? எச்டிடிபிஎஸ் திறக்கவில்லை என்று கடுப்பாகி, குறியாக்கமே இல்லாத டெல்நெட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். ஓட்டைப் பூட்டு வேண்டாம் என்று கதவையே கழற்றிப் போட்ட மாதிரி.

பாக்கெட்
இதில் ஆப்லெட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் செட்டிங்ஸ் பக்கங்களுக்கான மேனேஜ்மென்ட் விலானைத் தனியாகப் பிரித்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

புதுநிர்வாகி
அந்த வெர்ஷன் டாட் மின்னை 1 ஆக்கினேன், திறந்துவிட்டது! மாடியில் இருக்கும் ஸ்விட்ச் திறந்தது, கீழே இருப்பதற்குப் போனால் இப்போது வேறு பிழை. "ரீயூஸ்டு இஷ்யூயர் அண்ட் சீரியல்" என்கிறது, தாண்டிப் போகப் பொத்தானே இல்லை. மாற்ற வேண்டிய போர்ட் கீழே இருப்பதில்தான்.

சால்டரிங்
இரண்டு ஸ்விட்ச்சா!! இதை இப்போதுதானே சொல்கிறீர்கள்.

இரண்டும் ஒரே மாடலாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒவ்வொரு பெட்டியும் தனக்குத்தானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்ளும், சாவி வேறு வேறு, ஆனால் கொடுத்தவர் பெயரும் வரிசை எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றே. மாடி ஸ்விட்ச்சுக்கு விதிவிலக்கு கொடுத்தபோது அதை ஃபயர்ஃபாக்ஸ் நினைவில் வைத்துக்கொண்டது, கீழே அதே எண்ணில் வேறு ஆள் வந்து நின்றால் போலி என்று நினைக்காமல் என்ன செய்யும்? கீழ் ஸ்விட்ச்சுக்கு இன்னொரு ப்ரொஃபைல் உண்டாக்கி அதிலும் மின் 1 போடுங்கள். பிறகு உள்ளே போனதும் புதுச் சான்றிதழ் உண்டாக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். சில ஸ்விட்ச்களில் கடிகாரம் 1970இல் நிற்கும், முதலில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு உண்டாக்குங்கள், இல்லையென்றால் பிறக்கும்போதே காலாவதியான சான்றிதழாக இருக்கும்.

புதுநிர்வாகி
வேலை முடிந்தது. இரண்டாவது ப்ரொஃபைல்தான். எல்லாருக்கும் நன்றி.

சால்டரிங்
சான்றிதழ் மாற்றினீர்களா? புதிதாக உண்டாக்கியதில் சாவி எத்தனை பிட் என்று காட்டுகிறது? அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

நைட்ஷிஃப்ட்
ஆள் போய்விட்டார்.

தாமதம்
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் யுபிஎஸ், லாகின் ஆன பிறகு ஃபிளாஷ் கேட்கிறது. டிஎல்எஸ் மாற்றினால் சரியாகுமா?

ரூட்கணக்கு
ஆகாது. ஃபிளாஷ் 2021 ஜனவரி 12 முதல் தானாகவே ஓட மறுக்கிறது, அது வேறு கதை. தனி இழை போடுங்கள், மாடல், பிழைச் செய்தி, எத்தனை யுபிஎஸ் என்பதோடு.