வயல்பாதையை மறித்த முள்கம்பி: பாரிஷ் கவுன்சிலை எப்படி அசைப்பது?

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறோம். தேவாலயத்துக்குப் பின்னால் வயல் வழியே போகும் பொது நடைபாதையை மார்ச்சிலிருந்து முள்கம்பி போட்டு மறித்திருக்கிறார்கள். மஞ்சள் அம்புக்குறி மட்டும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வழி காட்டுகிறது! கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அதிகாரபூர்வ வரைபடத்தில் பாதை தெளிவாக உண்டு.

கவுண்டி கவுன்சிலுக்குப் படத்தோடு இரண்டு முறை புகார் கொடுத்தேன். புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. சரி என்று பாரிஷ் கவுன்சில் (கிராம அளவிலான உள்ளாட்சி மன்றம்) கூட்டத்தில், பொதுமக்களுக்கு ஒதுக்கும் 3 நிமிடத்தில் பேசினேன். "அது கவுண்டி வேலை" என்று அதன் கிளார்க் (செயலர்) முடித்துவிட்டார். ஆனால் 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130(6) பிரிவுப்படி, பாரிஷ் கவுன்சில் முறையிட்டால், அது தவறென்று உறுதியானாலொழிய கவுண்டி நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும்.

இந்தப் பிரிவைக் காட்டித் தங்கள் பாரிஷ் கவுன்சிலைத் தீர்மானம் போட வைத்தவர்கள் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்?