எலிப் படத்தை நம்பலாமா? மரபணு மாற்றக் கத்தரியைப் பற்றி ஒரு விவாதம்

கோவைவாசி
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு படம் வந்தது. உடம்பில் பெரிய பெரிய கட்டிகளோடு மூன்று எலிகள். கீழே, "மரபணு மாற்றக் கத்தரிக்காய் தின்றதால் வந்த கதி, உங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டுமா?" என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா கத்தரிக்காயே வாங்கவிடவில்லை. நம் சந்தையில் அந்தக் கத்தரி விற்கிறதா? இந்தப் படம் உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி
படம் உண்மை, கீழே உள்ள வரி பொய். அந்த எலிகள் கத்தரிக்காயைத் தொட்டதே இல்லை.

பிரான்சில் கான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செராலினி என்ற ஆய்வாளரின் குழு 2012இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த படம் அது. என்கே603 என்ற மரபணு மாற்ற மக்காச்சோளம், அதற்கு அடிக்கிற ரவுண்டப் களைக்கொல்லி, இந்த இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து 2 ஆண்டு பார்த்தார்கள். மொத்தம் 200 எலிகள். குழுக்களாகப் பிரித்தபோது ஒரு குழுவுக்கு 10 எலிதான் வந்தது. அதுவும் ஸ்ப்ரேக்-டாலி என்ற வகை. வயதானால் எந்தத் தீனி தின்றாலும் அவற்றில் நிறைய எலிகளுக்குக் கட்டி வரும். சாதாரணத் தீனி தின்ற ஒப்பீட்டுக் குழுவிலும் வந்தது. அந்த எலிகளின் படத்தைக் கட்டுரையில் போடவில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். 2013 நவம்பரில் அதை வெளியிட்ட அறிவியல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் மரபணு மாற்றக் கத்தரி விற்க அனுமதி இல்லை. 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார், இன்றும் அப்படியே இருக்கிறது. அம்மாவைத் தாராளமாக வாங்கச் சொல்லுங்கள்.

நாட்டுவிதை
நண்பரே, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மோசடி எதுவும் இல்லை, முடிவு உறுதியாக இல்லை என்றுதான் இதழ் காரணம் சொன்னது. உறுதியில்லாத கட்டுரைகளை எல்லாம் திரும்பப் பெற ஆரம்பித்தால் எத்தனை மிஞ்சும்? அந்தச் சோளத்தையும் ரவுண்டப்பையும் விற்ற மான்சான்டோ நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் அதே ஆண்டு அந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014இல் அதே ஆய்வு வேறொரு இதழில் மறுபடி வெளிவந்தது.

இன்னொன்று. நிறுவனங்கள் கொடுக்கும் எலி ஆய்வு பெரும்பாலும் 90 நாள். நாம் பேசும் மரபணு மாற்றக் கத்தரிக்கும், அதாவது பி.டி. கத்தரிக்கும், 90 நாள்தான். ஒரு மனிதன் அறுபது எழுபது வருடம் சாப்பிடப்போகும் காய்க்கு எலியின் 90 நாள் போதும், செராலினியின் 2 ஆண்டு மட்டும் போதாதா?

நுண்ணோக்கி
நியாயமான கேள்விதான். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் பொதுப்பணத்தைக் கொட்டி அதே என்கே603 சோளத்தை வைத்து 2 ஆண்டு ஆய்வை மறுபடி நடத்தியது. இந்த முறை ஒரு குழுவுக்கு 50 ஆண், 50 பெண் எலிகள். 2019இல் முடிவு வெளிவந்தது, சோளத்தால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. செராலினி கேட்ட கேள்வி தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் கொடுத்த விடை மறு ஆய்வில் நிற்கவில்லை.

கத்தரிக்கு வருவோம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை அதில் சேர்த்திருக்கிறார்கள். அதிலிருந்து உண்டாகும் கிரை1ஏசி என்ற புரதம் புழுவின் குடலில் உள்ள ஏற்பிகளில், அதாவது அது பொருந்தும் இடங்களில், ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும், புழு செத்துவிடும். புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம், அங்கே அந்தப் புரதம் செரித்துப்போகும். அது ஒட்டும் ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. போதாததற்குக் கத்தரிக்காயை நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகள் பல பத்தாண்டுகளாகத் தெளித்துவருகிறார்கள்.

நாட்டுவிதை
தெளிப்பது வெயிலில் சில நாளில் அழிந்துவிடும். இது அப்படியா? இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் செடி வாழும் வரை இருக்கும். இரண்டையும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

பி.டி. கத்தரிக்கு அனுமதி கேட்டுக் கொடுத்த கோப்பில் இருந்த ஆய்வுகள் எல்லாம் விண்ணப்பித்த நிறுவனம் செய்ததோ, அது காசு கொடுத்துச் செய்வித்ததோதான். அந்தத் தரவை மக்கள் பார்ப்பதற்கே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை என்றால் முதல் நாளே வெளியிட்டிருக்கலாமே? நீண்டகால நச்சுத்தன்மை ஆய்வு வேண்டும் என்று சொன்னவர்களில் எம்.எஸ்.சுவாமிநாதனும் இருந்தார். அவர் அறிவியலுக்கு எதிரியா?

தோட்டக்காரன்
ஒட்டன்சத்திரம் பக்கம் முக்கால் ஏக்கரில் கத்தரி போடுகிறேன். நீங்கள் இருவரும் எலியைப் பேசுகிறீர்கள், நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

காய்ப்புழு முதலில் குருத்தைத் துளைக்கும், குருத்து வாடித் தொங்கும். அப்புறம் காய்க்குள் போய்விடும். உள்ளே போன புழுவுக்கு எந்த மருந்தும் எட்டாது. அதனால் வெளியே இருக்கும்போதே பிடிக்கவேண்டும் என்று அடித்துக்கொண்டே இருக்கிறோம். காய்ப்புக் காலத்தில் வாரம் இரண்டு தடவை அடித்த வருடங்கள் உண்டு. அடித்துவிட்டு வந்த இரவு தலைசுற்றி வாந்தி எடுத்திருக்கிறேன். அப்படியும் மூட்டையில் நாலு சொத்தைக் காய் இருந்தால் மண்டியில் விலையை இறக்கிவிடுவார்கள். நேற்று மருந்து அடித்த காய் இன்று உங்கள் வீட்டுச் சாம்பாரில் இருக்கிறது. இதற்கு ஏன் யாரும் 2 ஆண்டு ஆய்வு கேட்பதில்லை?

நுண்ணோக்கி
அண்ணா சொல்வதுதான் என் கவலையும். பங்களாதேஷ் 2013இல் பி.டி. கத்தரிக்கு அனுமதி கொடுத்தது, 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தார்கள். பின்னால் 200 கிராமங்களில் ஏறத்தாழ 1,200 விவசாயக் குடும்பங்களை வைத்து, யாருக்கு எந்த நாற்று என்று குலுக்கிப் போட்டு ஆய்வு செய்தபோது பூச்சிமருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, மகசூலும் கூடியது. அங்கே விதை அரசு ஆராய்ச்சி நிலையத்துடையது. கோவைவாசிக்கு ஒரு தகவல்: உங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகமும் கோ 2, எம்டியு 1 போன்ற நம் ரகங்களில் இதே மரபணுவைச் சேர்த்து வைத்திருந்தது. 2010இல் அதுவும் நின்றுபோனது.

மானாவாரி
விருதுநகர் மாவட்டம், பருத்தி. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இந்தப் புரதத்தோடு பல வருடம் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2002இல் இதே புரதம் உள்ள பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தது. எங்கள் காட்டுக்கு வந்த புதிதில் பச்சைக் காய்ப்புழு காணாமலே போனது, மருந்துச் செலவு குறைந்தது. அதை யாரும் மறுக்கக்கூடாது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. குஜராத்தில் அது முதல் ரகத்தைத் தாங்குகிறது என்று 2010இலேயே மான்சான்டோ ஒத்துக்கொண்டது. இரண்டு மரபணு போட்ட அடுத்த ரகமும் சில வருடங்களில் தோற்றது.

அப்போது விதைப் பெட்டிக்குள் சாதாரணப் பருத்தி விதை ஒரு சின்னப் பொட்டலம் தனியாக இருந்தது. வயலைச் சுற்றி அதை விதைத்தால் அதில் வளரும் புழு அந்தப் புரதத்துக்குப் பழகாமல் இருக்கும், பழகியதும் பழகாததும் இனம் கலந்து எதிர்ப்புச் சக்தி பரவுவது தள்ளிப்போகும். எதற்கு என்று எங்களுக்கு யாரும் புரியவைக்கவில்லை. நாங்களும் விதைக்கவில்லை. சாப்பிட ஆபத்து இல்லை என்று தெரிந்தாலும் விவசாயிக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

நுண்ணோக்கி
முழுக்க ஏற்கிறேன். "மரபணு மாற்றப் பயிர்" என்று மொத்தமாக நல்லது கெட்டது சொல்லவே முடியாது. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது, கொட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று 1996இல் ஆய்வில் தெரிந்தது. சந்தைக்கு வராமலே கைவிட்டார்கள். அதற்கு நேர்மாறாக, தீவனத்துக்கு மட்டும் அனுமதித்த ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்றச் சோளம் 2000இல் அமெரிக்காவில் மனிதர் சாப்பிடும் பண்டங்களில் கலந்துவிட்டது. முதலாவதில் சோதனை காப்பாற்றியது, இரண்டாவதில் கண்காணிப்பு கோட்டைவிட்டது. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

நாட்டுவிதை
சரி, அந்த எலிப் படத்தை நானும் போன வருடம் பகிர்ந்தேன். கத்தரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியாமல் செய்தது. எங்கள் குழுவில் இன்று திருத்திப் போடுகிறேன்.

மற்றபடி என் நிலை மாறவில்லை. கத்தரிக்குத் தாயகம் நம் மண். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் ஆறு ரகம் விதை எடுக்கிறேன், தேனீ வேலி பார்த்து வராது. பக்கத்து வயல் மகரந்தம் என் ரகத்தில் ஏறிவிட்டால் எந்த ஆய்வகமும் அதைத் திருப்பி எடுத்துத் தரமுடியாது. விண்ணப்பதாரரிடம் காசு வாங்காத ஆய்வகம், முதல் நாளிலிருந்து திறந்த தரவு. இவை இரண்டும் வரட்டும், அப்போது உட்கார்ந்து பேசுகிறேன்.

நுண்ணோக்கி
அந்த இரண்டையும் கேட்டு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மகரந்த விஷயத்தில் உங்களோடு இன்னும் வாதாட இருக்கிறது, அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தோட்டக்காரன்
நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் செடியில் குருத்து வாட ஆரம்பித்துவிட்டது. நாளை காலை நான் என்ன செய்ய?

நாட்டுவிதை
அண்ணா, வாடின குருத்தைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள், வரப்பில் போடவேண்டாம். சொத்தைக் காயையும் அப்படியே. இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறீர்களா?

தோட்டக்காரன்
போன முறை வைத்தேன். ஆண் அந்துப்பூச்சிதான் விழுகிறது, பக்கத்துத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டு வரும் பெண் பூச்சி என் செடியில் முட்டை வைத்துவிடுகிறது. சுற்றியுள்ள ஏழெட்டுத் தோட்டமும் ஒரே நேரத்தில் வைத்தால்தான் பலன்.

நாட்டுவிதை
அப்படியானால் அந்த ஏழெட்டுப் பேரிடம் பேசிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உடன் நிற்கிறேன்.

கோவைவாசி
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கத்தரிக்காய் வாங்கச் சம்மதித்துவிட்டார். தோட்டக்காரர் எழுதியதைக் கேட்ட பிறகு, காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மருந்து போகுமா என்று கேட்கிறார்.