புதுப்பிப்பு: 7-ஆம் வகுப்பு ஆங்கில இலக்கு அட்டை

கோத்தகிரிப் பக்கம் எங்கள் நடுநிலைப் பள்ளியில், பிள்ளைகள் "ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன்" என்று இலக்கு எழுதிவிட்டு அட்டையை மறந்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "என்னால் முடியும்" என்று முடியும் சிறு வாக்கியங்களாக எழுதச் சொன்ன யோசனை. ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலும் இதே முறையில்தான் அமைந்திருக்கிறது. "ஊட்டி பஸ் எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்க என்னால் முடியும்" என்று எழுதினால், வெள்ளிக்கிழமை பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளைதான் கையெழுத்துப் போடும். என் கையெழுத்தைவிட அதற்குத்தான் மதிப்பு! நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் யோசனை எங்களுக்குச் சரிவரவில்லை.

எதிர்பாராத ஒன்று: மழை விடுமுறையில் அட்டைகள் வீட்டுக்குப் போயின. தேயிலை பறித்துவிட்டு வந்த அம்மாக்கள், "எங்கே, சொல்லிக் காட்டு" என்று கேட்டிருக்கிறார்கள். அப்புறம் வீட்டுக் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டோம்.