காட்டுப் பாதைக்கு முழு அடிமர இருக்கை: வெடிக்காமல் செய்ய முடியுமா?

உளிமுனை:
காட்டுப் பாதையின் வளைவு ஒன்றில் மூன்று பேர் உட்காரும்படி மர இருக்கை செய்ய வேண்டும். காற்றில் சாய்ந்த தேக்கு ஒன்று பக்கத்திலேயே கிடக்கிறது, 60 செ.மீ. விட்டம். அறுத்துப் பலகையாக்காமல் முழு அடிமரமாகவே வைத்து, மேல்பக்கத்தை மட்டும் அலை அலையாகக் குடைய ஆசை. போன தடவை செய்தது ஆறே மாதத்தில் உட்காரும் இடத்தில் வாய் பிளந்து, ஒருவர் சட்டையைக் கிழித்துவிட்டது. பாதியை மண்ணில் புதைத்தால் அங்கேயே முளைத்தது மாதிரி இருக்குமோ?

வைரக்கட்டை:
புதைக்காதீர்கள். மண்ணைத் தொடும் இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும்.

வெடிப்பைத் தடுக்க முடியாது. காயும்போது மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இருமடங்கு. முழு உருளை எங்காவது பிளந்தே தீரும். எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்: அடிப்பக்கம் நீளவாக்கில் செயின்சாவால் மையம்வரை ஒரு கீறல் போடுங்கள். பெரும்பாலும் அதுதான் விரியும், மேல்பக்கம் தப்பிக்கும். இரண்டு வெட்டுமுகத்திலும் இன்றைக்கே மெழுகு பூசிவிடுங்கள். ஈரம் அவசரமாக வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

சருகு:
வெட்டுவதற்கு முன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த வளைவில் காலையும் மாலையும் உட்கார்ந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். தாளில் அழகாக வரைந்து நான் செய்த இருக்கைக்கு நேர் எதிரே ஒரு பருத்த மரம். ஓடை இடப்பக்கம். வருகிறவர்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்!

அப்புறம், அலை என்றால் பள்ளம், பள்ளம் என்றால் தண்ணீர். ஒவ்வொரு பள்ளமும் முன்பக்கம் வடியும்படி சாய்த்துக் குடையுங்கள். வயதானவர்கள் கையூன்றி எழ ஓரத்தில் ஒரு மேடு விடுங்கள்.

உளிமுனை:
வாளி யோசனை பிடித்திருக்கிறது. வெளிப்புற வெள்ளையை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரத்தை, செதுக்கி எடுத்துவிடவா?

வைரக்கட்டை:
கட்டாயம். முதலில் உளுத்துப்போவது அதுதான். உள்ளே இருக்கும் கெட்டியான வைரம் மட்டும் நிற்கட்டும்.

உளிமுனை:
சுற்றிலும் 4 செ.மீ. போனால் 52. குடைந்த பிறகு 40 நிற்கும். கல் 5 செ.மீ. தூக்கினால் உட்காரும் உயரம் 45. சரியாக வருகிறது. நாளைக் காலை வாளியோடு கிளம்புகிறேன்.